கேரவனில் மேனுவல் கியர் இருந்தால் யார் வாங்குவார்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் இருக்கிறீர்கள், வயது 52, ஏழு வருடமாக ஆட்டோமேட்டிக் கார் மட்டும்தான் ஓட்டுகிறீர்கள். ஒரு வேனை எடுத்து, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேரவனாகக் கட்டிக்கொண்டு ஊர் சுற்ற ஆசை. வீட்டுக்காரர் "மலைக்குப் போக மேனுவல்தான்" என்கிறார். உங்கள் தம்பியோ "இனிமேல் மேனுவல் வண்டியை எவன் வாங்குவான், விற்கும்போது அடிமாட்டு விலைக்குத்தான் போகும்" என்கிறார். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்த பிறகு, உள்ளே இரண்டு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. இந்த வயதில், நீங்களே எழுதியிருக்கும் அந்த இடது முழங்கால் வலியோடு, அத்தனை பெரிய வண்டியின் கிளட்சை மிதிக்க முடியுமா என்பது ஒன்று. ஆசை தீர்ந்த பிறகு அந்த வண்டியை யார் தலையில் கட்டுவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு வேறு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் யார் என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் பாடி என்ற இடத்தில் கிளட்ச், கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில் 24 வருடமாக இருக்கிறேன். வேன், மினி பஸ், லோடு வண்டிதான் அதிகம். கேரவன் என்று சொல்லத்தக்க வண்டிகள் பதினைந்து, இருபது வந்திருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் சினிமா வண்டி. சென்னையில் கேரவன் என்றாலே சாலிகிராமத்திலும் கோடம்பாக்கத்திலும் ஜெனரேட்டர் சத்தத்தோடு நிற்கும் அந்த வண்டிதானே நினைவுக்கு வரும்? அது நாளெல்லாம் நிற்கும், கொஞ்சமாக ஓடும். குடும்பத்தோடு ஊர் சுற்றும் கேரவன் வேறு சாதி. கியர்பாக்ஸ் பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்புங்கள். விற்பனை விலை பற்றிச் சொல்வது என் பட்டறை வாசலில் நின்று பார்த்தது மட்டுமே, அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி ஒன்றை மறந்துவிட்டார். நம் ஊரில் கேரவன் கட்ட வழக்கமாக எடுப்பது ஃபோர்ஸ் டிராவலர், அதே கம்பெனியின் அர்பேனியா, டாடா விங்கர். மூன்றுமே மேனுவல்தான். அர்பேனியாவை எடுத்துக்கொண்டால் 2.6 லிட்டர் டீசல், 115 குதிரைத்திறன், 5 கியர், அவ்வளவுதான். காரில் மாதிரி "ஆட்டோமேட்டிக் மாடல் கொடுங்கள்" என்று ஷோரூமில் கேட்க முடியாது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் வண்டியின் ஜாதகமே மாறிவிடும். ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப்பை எடுத்து அதன் முதுகில் ஒரு பெட்டியை ஏற்றலாம், அவற்றில் நல்ல ஆட்டோமேட்டிக் இருக்கிறது. ஆனால் நின்றபடி சமைத்து, நடந்து போய்ப் படுக்கும் வசதி அதில் குறைவு. இல்லையென்றால் ஏ.எம்.டி. (கிளட்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் கியர்பாக்ஸ், கீழே சொல்கிறேன்) வைத்த பஸ் சேசிஸ், அதாவது பாடி கட்டாத பஸ்ஸின் அடிச்சட்டம். டாடா மோட்டார்ஸ் 2017இல் ஏ.எம்.டி. பஸ்களைக் கொண்டுவந்தது. அதற்கான நுட்பத்தில் கூட்டாளியாக இருந்த வாப்கோவின் இந்தியக் கம்பெனி நம் அம்பத்தூர் எஸ்டேட்டில்தான் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அத்தனை பெரிய பஸ் எதற்கு?

லைசென்ஸ் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். நம் நாட்டில் காருக்கு ஆட்டோமேட்டிக் லைசென்ஸ், மேனுவல் லைசென்ஸ் என்று தனித்தனியாக இல்லை. கியர் உண்டா இல்லையா என்ற பிரிவு டூவீலருக்குத்தான். உங்களிடம் இருக்கும் எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குச் செல்லும். வாடகைப் பதிவு வண்டியானாலும் இந்த எடைக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஆக, சட்டத்தில் தடையில்லை. காலில்தான் சிக்கல்.

ஆட்டோமேட்டிக் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். உள்ளே திறந்து பார்த்தால் அது ஒரே பொருள் இல்லை. ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி மிதிக்கும், மாற்றும். 2014இல் செலெரியோவோடு அது மலிவு விலையில் வந்த பிறகுதான் நடுத்தர வீடுகளுக்கு ஆட்டோமேட்டிக் எட்டியது. டார்க் கன்வெர்ட்டர் வேறு. அதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் சக்தியைக் கடத்தும், கிளம்பும்போது வழுக்கித் தேய்ந்துபோக அங்கே கிளட்ச் பிளேட் கிடையாது. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் இழுவையைச் சுமார் இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். கனமான வண்டிக்கு உண்மையிலேயே சுகம் இதுதான். ஹைலக்ஸில் பாருங்கள், அதே 2.8 லிட்டர் எஞ்சினுக்கு மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் இழுவைதான் கொடுக்கிறார்கள், ஆட்டோமேட்டிக்கில் 500. "ஆட்டோமேட்டிக் வண்டி மலை ஏறாது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய சின்ன ஏ.எம்.டி. காரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

எடையை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், கேரவன் காலியாக ஓடுவதே இல்லை. டிராவல்ஸ் வேன் ஆட்களை இறக்கிவிட்டால் லேசாகிவிடும். கேரவன் எப்போதும் வீட்டைச் சுமந்துகொண்டே போகும். தண்ணீர் டேங்க் 150 லிட்டர் என்றால் 150 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பது மாதிரி 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டு வைத்தால் நூறு கிலோவுக்கு மேல் போய்விடும், லித்தியம் என்றால் குறையும். ஏசி, ஃப்ரிட்ஜ், பிளைவுட் அலமாரி, மெத்தை, மேலே சோலார் பேனல், கூரையில் விரிக்கும் பந்தல். மொத்தம் மூன்றரை, நான்கு டன்னை ஒட்டி நிற்கும். அத்தனையையும் நின்ற இடத்திலிருந்து நகர்த்தும் வேலை, மூன்று விரல் அகல விளிம்புள்ள ஒரு வட்டத் தட்டின், அதாவது கிளட்ச் பிளேட்டின், மேல் விழுகிறது. அந்தத் தட்டு எவ்வளவு நாள் வரும் என்பதை முடிவு செய்வது உங்கள் இடது கால்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிராவலர் டோ செய்யப்பட்டு வந்தது. ஏலகிரி போன குடும்பம். ஏலகிரி பெரிய மலையும் இல்லை, 14 கொண்டை ஊசிதான். நம் ஆட்கள் வளைவுக்கு ஒரு புலவர், வள்ளல் பெயராக வைத்திருப்பார்கள். ஒரு வளைவுக்குக் கீழே பஸ் ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்க, பின்னால் நின்ற இந்த வண்டியை டிரைவர் ஹேண்ட்பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, பிடித்து வைத்திருக்கிறார். நான்கைந்து நிமிடம்தான். வாடை வந்திருக்கிறது. யாரோ லாரி பிரேக் வாடை என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், பிளேட்டின் லைனிங் கருகிக் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிக் கிடந்தது. ரிவெட் தலை வெளியே தெரிந்தது. பிளேட் ஒட்டிப் பிடிக்கும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் மயில் கழுத்து நிறத்தில் நீலத் திட்டுகள். அந்த நீலம் தெரிந்தால் பிளேட் மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை, ஃப்ளைவீலையும் முகம் சீவ வேண்டும், சீவ இடமில்லையென்றால் மாற்ற வேண்டும். அந்தக் கிளட்ச் போட்டு பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. சரியாக ஓட்டுகிறவர் கையில் அதே கிளட்ச் எண்பதாயிரம், ஒரு லட்சம் தாண்டி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொல்வது மேனுவலைக் குறை சொல்ல இல்லை. ஏ.எம்.டி. வண்டியை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைப்பார்கள் பாருங்கள், அதற்குள் நடப்பதும் இதே ஹாஃப் கிளட்ச்தான். என்ன, உங்கள் காலுக்கு அது தெரியாது. மேனுவலில் பெடல் சொல்லிவிடும். பெடலில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் மேலே மேலே வருவது, கிளம்பும்போது ஒரு நடுக்கம், டாப் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருப்பது. முப்பது நாள் முன்னாலேயே வண்டி பேச ஆரம்பித்துவிடும், கேட்கப் பழகினால் போதும்.

மேனுவலின் உண்மையான கவர்ச்சி ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள் என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை. நான்கு டன்னைப் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் பிரேக் சூடாகிப் பிடிமானம் போய்விடும். கியரில் போட்டு விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மேனுவலில் இரண்டில் போட்டால் அது இரண்டிலேயே இருக்கும், தானாக மூன்றுக்குத் தாவாது. அந்த நிச்சயம் பெரிய விஷயம். ஆட்டோமேட்டிக்கிலும் மேனுவல் மோடில் வைத்து இதையே செய்யலாம், எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஏழு வருடமாக 'டி'யில் போட்டுவிட்டு மறந்தே போனவர்கள் மலையிலும் 'டி'யிலேயே இறங்குகிறார்கள். உங்கள் காரில் அந்த மோடை எப்போதாவது தொட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஏற்காடு பக்கம் போகும்போது ஒருமுறை பழகுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் நியூட்ரலில் இறங்காதீர்கள், அதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சரி, இப்போது உங்கள் முழங்காலுக்கு வருவோம். மேனுவல் கியரில் ஓட்டும் சுகம் என்று எழுதுகிறார்களே, அது சின்னக் காருக்குச் சொன்னது. வேனில் அப்படியொன்றும் இல்லை. முதல் கியர் ரொம்ப சின்னது, வண்டி அசைந்ததும் இரண்டுக்குப் போயாக வேண்டும். கியர் ராடு அரை அடி தூரம் நகரும். கிளட்ச் ஹைட்ராலிக்தான், பழைய மெட்டடார் காலத்து முரட்டுத்தனம் இல்லை. ஆனாலும் காரை விட ஒரு சுற்று கனம். உளுந்தூர்பேட்டை தாண்டி நான்கு வழிச்சாலையில் டாப் கியரில் போட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கிளட்சையே தொட வேண்டாம், அங்கே மேனுவலும் ஆட்டோமேட்டிக்கும் ஒன்றுதான். வேதனை எல்லாம் ஊரை விட்டு வெளியேறுவதற்குள் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டை நினைத்துப் பாருங்கள். கிளாம்பாக்கத்துக்குப் பஸ் ஸ்டாண்டு போன பிறகு நெரிசல் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, கரைந்துவிடவில்லை. அந்த முப்பது கிலோமீட்டருக்குள் சில நூறு தடவை கிளட்ச் மிதிப்பீர்கள். திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இன்னொரு சில நூறு. நான் 47 வயதுக்காரன், தொழிலே இதுதான், எனக்கே அந்த ராத்திரி மாடிப்படி ஏறும்போது இடது தொடை தெரியும்.

ஆகவே, மேனுவலில் உங்களால் ஓட்ட முடியுமா என்றால், முடியும். பழக்கம் பத்து, பதினைந்து நாளில் திரும்பிவிடும், சைக்கிள் மாதிரி. ஏழு வருட ஆட்டோமேட்டிக் பழக்கத்தில் திரும்பி வருபவர்கள் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான். இடது கால் சும்மா இருக்கத் தெரியாமல் பெடல் மேல் செருப்பை வைத்தபடி ஓட்டுவார்கள். அந்த லேசான அழுத்தத்திலேயே கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் சுற்றிக்கொண்டே இருந்து கத்த ஆரம்பிக்கும். காலைத் தரையில் வைக்கப் பழகினால் பாதி கிளட்ச் செலவு மிச்சம். ஆனால் முழங்கால் வலி பழக்கத்தில் போகிற விஷயம் இல்லை. அதை என்னிடம் கேட்பதை விட எலும்பு டாக்டரிடம் கேளுங்கள், "கிளட்ச் மிதிக்கலாமா" என்று நேராகவே கேளுங்கள்.

இங்கே சென்னைக்காரர்களுக்கே உரிய ஒரு வழி இருக்கிறது, நம் வண்டியை ஓட்ட அன்றைக்கு மட்டும் கூலிக்கு வரும் ஆக்டிங் டிரைவர். ஊரை விட்டு வெளியே போகும் வரை ஒருவரை வைத்து ஓட்டச் சொல்லி, திண்டிவனத்துக்கு அப்பால் நீங்கள் பிடித்துக்கொள்வது என்று சில குடும்பங்கள் செய்கின்றன. மேனுவல் வேன் என்றால் எந்த ஆக்டிங் டிரைவரும் வந்துவிடுவார், அவருக்கு அதுதான் கைப்பழக்கம். அதன் மறுபக்கமும் இருக்கிறது. நாலு பேர் ஓட்டும் கிளட்ச் நாலு விதமாகத் தேயும். வண்டி அவருடையது இல்லையே! ஏலகிரி வண்டியில் நடந்தது அதுதான். மலைக்குப் போவதாக இருந்தால், ஆளை எடுக்கும் முன் ஒரு மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுக் கிளப்பச் சொல்லிப் பாருங்கள். பின்னால் உருளாமல், எஞ்சின் கத்தாமல் கிளப்பினால் சாவியைக் கொடுக்கலாம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். கேரவனில் அலமாரிக்குள் தட்டு, டம்ளர், குக்கர் எல்லாம் இருக்கும். கிளட்சைப் பட்டென்று விட்டால் அத்தனையும் ஒரு சத்தம் போடும். டேங்கில் பாதித் தண்ணீர் இருந்தால் அது முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அலை அடிக்கும். ஏ.எம்.டி.யில் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒரு நொடி இழுவை நின்று வரும், எல்லோர் தலையும் ஒன்றாக ஆடும். நல்ல டிரைவர் ஓட்டும் மேனுவல் அதை விட மென்மை, டார்க் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் விட மென்மை. டம்ளர் அலமாரிக்கு ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள், முதல் பயணத்திலேயே வீட்டில் பாதிச் சண்டை குறையும். கியர் ராடு எங்கே முளைக்கிறது என்றும் பாருங்கள். தரையிலிருந்து வந்தால் டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து பின்னால் நடக்க இடிக்கும், மழை பெய்யும்போது கதவைத் திறக்காமல் உள்ளேயே போக வேண்டும் என்பதுதானே கேரவனின் சுகமே.

மைலேஜ் வாதத்தை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். வருடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்ப வண்டியில் கியர்பாக்ஸால் வரும் வித்தியாசத்தை விட, கூரை மேல் ஏற்றி வைக்கும் சாமானால் வரும் வித்தியாசம் அதிகம்.

ரிப்பேர் விஷயத்தில்தான் மேனுவலுக்கு நான் கை தூக்குவேன். டிராவலருக்குக் கிளட்ச் செட் வேண்டும் என்றால் ஜி.பி. ரோட்டில் காலையில் கேட்டால் மதியத்துக்குள் கையில் இருக்கும். பழைய கியர்பாக்ஸே வேண்டும் என்றாலும் புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும். பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் நின்றுவிட்டாலும், அந்த வேனை அவிழ்த்து மாட்டிய மெக்கானிக் பத்து கிலோமீட்டருக்குள் ஒருவர் இருப்பார். ஏனென்றால் அதே வண்டிதான் அங்கே பள்ளிக்கூட வேன், அதே வண்டிதான் ஆம்புலன்ஸ். ஒரு ஏ.எம்.டி. மினி பஸ்ஸில் ஆக்சுவேட்டர் போய், கியர் நியூட்ரலிலேயே மாட்டிக்கொண்டது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்ததும் குறை என்னவென்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, பொருள் வர பதினோரு நாள் ஆனது. எஞ்சின் நன்றாக இருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, வண்டி மட்டும் போகாது. ஓனர் தினமும் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். காரில் இது ஒரு தொந்தரவு. கேரவனில் உங்கள் படுக்கையும் அடுப்பும் பட்டறைக்குள் மாட்டிக்கொள்கின்றன.

உங்கள் தம்பி சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை, அவர் வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே நிலவரம் அப்படித்தான். அமெரிக்காவில் பெரிய மோட்டார்ஹோம்கள் ஏறும் ஃபோர்டு சேசிஸ்கள் ஆட்டோமேட்டிக் மட்டுமே. ஓய்வு பெற்றவர்கள்தான் அந்த வண்டிகளுக்குப் பெரிய வாடிக்கை, கிளட்ச் என்று சொன்னாலே விலகிவிடுவார்கள். 1980களில் டொயோட்டா பிக்கப் மேல் கட்டிய சின்ன வண்டிகளில் மேனுவல் இருந்தது, இன்றும் அதைத் தேடி வாங்கும் பிரியர்கள் சிலர் உண்டு. ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே வெகு காலம் மேனுவல்தான் ராஜா. கேரவன் கட்டுபவர்கள் அதிகம் எடுக்கும் ஃபியட் டுகாட்டோ வேனில் முதலில் ஏ.எம்.டி. மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள், பலருக்குப் பிடிக்கவில்லை. 2019இல் டார்க் கன்வெர்ட்டரோடு 9 கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. நல்ல கியர்பாக்ஸ் கிடைத்த பிறகுதான் அங்கேயும் காற்று திசை மாறியது. ஃபோக்ஸ்வேகனின் புதிய கலிஃபோர்னியா கேரவன் 2024இல் வந்தபோது அதில் மேனுவலே கிடையாது. இன்னொன்று, பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கினால் மேனுவலை ஓட்ட உரிமையில்லை. அப்படி லைசென்ஸ் எடுத்தவர்கள் கூடக்கூட மேனுவல் வண்டியை வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையே குறையும். அந்தக் காரணம் எதுவும் இங்கே பொருந்தாது. ஆட்டோமேட்டிக் வேனே சந்தையில் இல்லாதபோது மேனுவல் வேனுக்கு எதனால் விலை குறையும்?

என் வாசலில் பழைய கேரவன் வாங்க வந்து, "அண்ணே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கூட்டிப் போனவர்கள் மூன்று வகை. சினிமா வாடகைக்கு விடுபவர் உள்ளே ஏசியும் பாத்ரூமும் ஜெனரேட்டரும் பார்ப்பார், கியரைப் பற்றிக் கேட்டதே இல்லை. டூர் நடத்துபவர், அதுவும் 2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாவைக் கையில் எடுத்த பிறகு இந்தப் பக்கமும் விசாரிக்கிறவர்கள், மேனுவலைத்தான் விரும்புவார்கள். சம்பள டிரைவர் எவர் கையில் கொடுத்தாலும் ஓட வேண்டும், எந்த ஊரில் நின்றாலும் கிளப்ப வேண்டும். மூன்றாவது உங்களைப் போன்ற குடும்பம். அவர்களில் மட்டும், அதுவும் சமீபத்தில்தான், "ஆட்டோமேட்டிக் கிடைக்காதா" என்ற கேள்வி வருகிறது. கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனவர்களும் உண்டு, மேனுவலையே எடுத்தவர்களும் உண்டு. மூன்று வகையினரும் விடாமல் கேட்பது வேறு. ஆர்.சி.யில் கேரவன் என்று முறையாக ஏறியிருக்கிறதா, வேனாகவே பதிவில் இருந்துகொண்டு உள்ளே மட்டும் கட்டிலா? கட்டியவர் மோட்டார் கேரவனுக்கான ஏ.ஐ.எஸ். 124 விதிப்படி ஒப்புதல் வாங்கினாரா? வாடகைப் பதிவு என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை? இந்தக் காகிதம் சரியில்லாத ஒரு அழகான வண்டி பாதி விலைக்கும் போகாமல் நின்றதை நேரில் பார்த்தேன். விலை விழுவது அங்கேதான்.

கியர் சம்பந்தமாக வாங்குபவர் பார்ப்பது கிளட்ச் நிலவரத்தை. சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுவேன். எஞ்சின் உடனே இருமி நின்றால் பிளேட் நன்றாக இருக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது, விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒருமுறைதான் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்து நல்ல பிளேட்டையும் எரித்துவிடக் கூடாது. உங்கள் வண்டியை விற்கும் நாளில் கிளட்ச் மாற்றிய பில்லைக் கையில் வைத்திருந்தால், அது மேனுவல் என்பதே பேச்சில் வராது.

இனி வரும் பத்து வருடம் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, என் கணிப்பை மட்டும் சொல்கிறேன். கார் பக்கம் பார்த்தால், சென்னையில் உங்கள் வயதுக்காரர்களும் உங்களுக்கு இளையவர்களும் ஆட்டோமேட்டிக்குக்கு வேகமாக மாறுகிறார்கள். ஆனால் இன்னோவா க்ரிஸ்டாவைப் பாருங்கள். 2023இல் மறுபடி வந்தபோது டீசல், மேனுவல் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் வேண்டியவர்களுக்கு இன்னோவா ஹைக்ராஸ் என்று பிரித்துவிட்டார்கள். டிராவல்ஸ்காரர்கள் க்ரிஸ்டாவை விடவே இல்லை. வேன் உலகம் இந்த டிராவல்ஸ்காரர்களுடைய உலகம்தான், அதனால் கார் மாறிய வேகத்தில் அது மாறாது என்று நினைக்கிறேன். யாராவது நல்ல டார்க் கன்வெர்ட்டரோடு ஒரு வேனை இறக்கினால், குடும்பங்கள் அந்தப் பக்கம் சாயும், அன்று மேனுவல் கேரவனின் விலை கொஞ்சம் இறங்கலாம். மின்சார வேன் வந்தால் இந்தக் கேள்வியே இருக்காது, அதில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. என் தொழிலும் இருக்காது, அது வேறு கவலை.

உங்களுக்கு என் யோசனை இது. விற்பனை விலைக்குப் பயந்து மேனுவலை ஒதுக்காதீர்கள், அந்தப் பயத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. முழங்காலுக்குப் பயந்து ஒதுக்கினால் அது நியாயம். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், தெரிந்த டிராவல்ஸில் ஒரு டிராவலரை டிரைவரோடு வாடகைக்குக் கேளுங்கள். வாடகை வண்டியை உங்கள் கையில் கொடுக்கத் தயங்குவார்கள். நிலைமையைச் சொல்லி, டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஓனர் சம்மதத்தோடும் இன்சூரன்ஸ் இடம் கொடுக்கிறதா என்று பார்த்தும் ஓட்டுங்கள். முதலில் ஒரு ஞாயிறு காலை காலியான ரோட்டில் கை பழகட்டும். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தாம்பரத்தில் ஏறி செங்கல்பட்டு வரை போங்கள். கூடுவாஞ்சேரியிலேயே காலை மாற்றி மாற்றி வைக்கத் தோன்றினால் வண்டியை ஓரம் கட்டி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பிக்கப் மேல் பெட்டி ஏற்றும் யோசனைக்கு வாருங்கள். பரனூர் டோல்கேட் தாண்டியும் பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள் என்றால் டிராவலரையே எடுங்கள். எடுத்ததும், பாடி கட்டக் கொடுக்கும் முன் ஒருமுறையும், கட்டி முடித்துத் தண்ணீர் நிரப்பிய பிறகு ஒருமுறையும் எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வையுங்கள். அந்த இரண்டு சீட்டையும் இங்கே போட்டால், கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்று இதை விடத் தெளிவாகச் சொல்கிறேன்.